மேசையில ஓடின ப்ரோக்ராம் கிணத்தடியில ஏன் நிக்குது?

களுவாஞ்சிக்குடிப் பக்கம் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. ஏ.எல் எழுதிட்டு வீட்ட நிக்கிறாராம். கடிதம் நாலு பக்கம், அதோட அஞ்சு போட்டோ. சுருக்கமாச் சொன்னா இதுதான்:

"அண்ணா, எங்கட கிணத்து மோட்டருக்கு ஒரு கொன்ட்ரோலர் செஞ்சன். ஒரு ஆர்டுயினோ நானோ (ப்ரோக்ராம் ஏத்துற சின்ன போர்ட்), மேல டாங்கிக்குள்ள ஒரு மிதவை சுவிட்ச், 5 வோல்ட் நீல ரிலே (கரண்டால இழுபடுற சுவிட்ச்) ஒண்டு, அவ்வளவுதான். டாங்கி நிறைஞ்சா மோட்டர் நிக்கணும். நிறையாட்டியும் 25 நிமிசத்துல நிக்கணும், ஏன் எண்டா ஆவணி மாசத்துல கிணறு அடிமட்டத்துக்குப் போயிரும், தண்ணி இல்லாம ஓடி மோட்டர் எரிஞ்சிரும் எண்டு அப்பாக்குப் பயம். மேசையில எல்.இ.டி வச்சுப் பாத்தா எல்லாம் சரி. கிணத்தடியில பூட்டினா மோட்டர் ஒன் ஆகிற நேரம் இல்லாட்டி ஓஃப் ஆகிற நேரம் போர்ட் செத்த மாதிரி ஆகுது. 25 நிமிசம் எண்டது ஒரு நாளும் வேலை செய்யல்ல. ப்ரோக்ராமுக்குள்ள லெப்டொப்புக்கு எழுத்து அனுப்புற சீரியல் ப்ரின்ட் வரி ஒண்டு போட்டா ஓடுது, அதை எடுத்தா ஓடல்ல. லெப்டொப்பக் கொழுவி அந்த எழுத்தைக் காட்டுற சீரியல் மொனிட்டரைத் திறந்தா மோட்டர் தானா நிக்குது. மூண்டு தரம் முழுசா எழுதிட்டன். ஆர்டுயினோவ விட்டுட்டு சுத்தமான சி-ல எழுதினா சரியாகுமா?"

தம்பி, நாலாம் தரம் எழுத வேணாம். இப்ப இருக்கிற ப்ரோக்ராமை அப்படியே ஒரு இடத்துல கொப்பி பண்ணி வைங்க. நீங்க ஒரு பிழையத் தேடுறீங்க, ஆனா உங்கட பெட்டிக்குள்ள அஞ்சு பிழை ஒண்டுக்குப் பின்னால ஒண்டு ஒளிச்சுக் கிடக்கு, அதுல ரெண்டுதான் சி-ல இருக்கு, மத்தது வயர்ல இருக்கு. வயர்ல இருக்கிற பிழைய எவ்வளவு நல்லா ப்ரோக்ராம் எழுதினாலும் திருத்த ஏலா. ஒண்டைத் திருத்தினாலும் மத்தது நாலும் நிக்கிறதால "திருத்தியும் சரி வரல்ல" எண்டு நினைச்சு நல்லா இருந்த இடத்தையும் மாத்திப் போட்டிருப்பீங்க. மூண்டு தரம் எழுதின ஆக்களுக்கு இது நடக்கும், எனக்கும் நடந்திருக்கு, அதைப் பிறகு சொல்றன்.

அதுக்கு முதல்ல 230 வோல்ட் விசயம். இரண்டாவது போட்டோவுல வயர் குத்திச் சோதிக்கிற உங்கட ப்ரெட்போர்டுக்குப் பக்கத்துலயே மோட்டர் வயர் திறந்த நுனியோட கிடக்கு. கிணத்தடி ஈரம், கால்ல செருப்பும் இல்ல. இண்டைக்கே அதைக் கழட்டுங்க. மெயின்ஸ் பக்கத்தை வயரிங் தெரிஞ்ச ஒரு ஆளைக் கொண்டுதான் செய்விக்கணும், ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுதா எண்டு அதுல இருக்கிற டெஸ்ட் பட்டனை அமத்திப் பாக்கணும். உங்கட கையால செய்யிறது எல்லாம் 5 வோல்ட் பக்கத்தோட நிக்கட்டும். அந்தப் பக்கத்துலயே உங்களுக்குப் படிக்கக் கிடக்கிறது நிறைய.

இப்ப ரிலேக்கு வருவம். போட்டோவுல நானோட 7ஆம் பின்ல இருந்து ஒரு வயர் நேரா ரிலே சுருளுக்குப் போகுது, மற்றப் பக்கம் கிரவுண்ட். ரிலே டிக் எண்டு அடிக்குது, அதால சரி எண்டு நினைச்சிருப்பீங்க. மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சு அந்தச் சுருளை அளந்து பாருங்க, இந்த 5 வோல்ட் நீல ரிலேகள்ல சுமார் 70 ஓம் காட்டும். 5ஐ 70ஆல பிரிச்சா 71 மில்லிஅம்பியர் வருது. நானோவுல இருக்கிற ஆட்மெகா328பி சிப்புல ஒரு பின்னுக்கு 40 மில்லிஅம்பியர்தான் உச்சம், அதுவும் வேலை செய்யிறதுக்கான அளவு இல்ல, அதுக்கு மேல போனா சிப் பழுதாகும் எண்டு கம்பனி போட்ட கோடு. நிம்மதியா இருக்கணும் எண்டா 20க்குள்ள நிக்கணும். நீங்க அந்தப் பின்னை ஒவ்வொரு தரமும் மூச்சு முட்ட வைக்கிறீங்க. அதுக்கு மேல, ரிலே ஓஃப் ஆகிற நேரம் சுருளுக்குள்ள தேங்கியிருக்கிற சக்தி போக வழி தேடி எதிர்ப்பக்கமா ஒரு அடி அடிக்கும், அந்த அடி நேரா சிப்புக்குள்ள போகுது. மோட்டர் நிக்கிற நேரம் போர்ட் சாகிறதுக்கு இது ஒரு காரணம்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. ஒரு 2என்2222 ட்ரான்சிஸ்டர், பின்ல இருந்து அதுட பேஸுக்கு 1கே (1000 ஓம்) ரெசிஸ்டர், பேஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையில ஒரு 10கே, ரிலே சுருளுக்குக் குறுக்கால ஒரு 1என்4007 டயோட், வெள்ளைக் கோடு உள்ள பக்கம் 5 வோல்ட்டைப் பாத்து. அந்த 10கே எதுக்கு எண்டு நிறையப் பேர் கேக்கிறதில்ல, ஆனா எனக்கு அது முக்கியம். சிப் ரீசெட் ஆகி எழும்புற அந்தக் கொஞ்ச நேரத்துல எல்லாப் பின்னும் இன்புட்டா, ஒண்டையும் பிடிக்காம அந்தரத்துல நிக்கும். உங்கட ப்ரோக்ராம்ட முதலாவது வரி ஓடும் வரைக்கும் அந்த மோட்டருக்குப் பொறுப்பு ஆரும் இல்ல. 10கே இருந்தா அந்த நேரத்துல ட்ரான்சிஸ்டர் மூடியே இருக்கும், மோட்டர் ஓஃப். கரண்ட் வந்து வந்து போற நாள்ல இது எவ்வளவு பெரிய காவல் எண்டு யோசிச்சுப் பாருங்க. ரெடிமேட் ரிலே மொடியூல் வாங்கினா ட்ரான்சிஸ்டரும் டயோடும் உள்ளயே வரும், ஆனா அதுல கனக்க மொடியூல் பின் 0 ஆனாத்தான் ஒன் ஆகும், அப்படி எண்டா நீங்க பின்னை அவுட்புட் ஆக்கிறதுக்கு முதல் அதுல 1ஐ எழுதிட்டு, பிறகு அவுட்புட் ஆக்கணும். மாத்திச் செஞ்சா ஒவ்வொரு ரீசெட்டுக்கும் ரிலே ஒருக்கா டிக் எண்டு அடிக்கும், ஒவ்வொரு டிக்குக்கும் மோட்டர் ஒருக்கா உதறும்.

அந்த நீல ரிலேயால மோட்டரை நேரா ஓட்டவும் வேணாம். மேல 10 அம்பியர் எண்டு போட்டிருக்கும்தான், ஆனா அது ஹீட்டர், குண்டு பல்ப் மாதிரிச் சாமானுக்குச் சொல்ற கணக்கு. ஒரு குதிரைவலு மோட்டர் தொடங்கிற நேரம் ஓடுற கரண்டைப் போல பல மடங்கு இழுக்கும், ரிலேக்குள்ள தொட்டு விலகிற காலும் காலும் உருகி ஒட்டிப் போகும், ஒட்டிட்டுது எண்டா உங்கட ப்ரோக்ராம் ஓஃப் எண்டு சொன்னாலும் மோட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். நீல ரிலே ஒரு கொன்டக்டரை, அதாவது மோட்டருக்கு எண்டே வாற பெரிய ரிலேயை, இழுக்கட்டும், கொன்டக்டர் மோட்டரை இழுக்கட்டும். வயரிங் செய்ய வாறவர்கிட்ட இதைச் சொல்லுங்க, அவருக்கு விளங்கும். கொன்டக்டர் சுருளுக்குக் குறுக்கால ஒரு ஸ்னப்பரும் போடச் சொல்லுங்க, ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேந்து மெயின்ஸுக்கு எண்டே வாற சின்னச் சாமான் அது.

இனி மிதவை சுவிட்ச் வயர். டாங்கில இருந்து கிணத்தடிப் பெட்டிக்கு 15 மீட்டர் எண்டு எழுதியிருக்கீங்க, மோட்டர் வயரோட சேத்து ஒரே பைப்புக்குள்ள விட்டிருக்கீங்க. இதைப் பாத்தவுடன எனக்கு 2011ல அம்பாறைப் பக்கம் ஒரு அரிசி ஆலையில பட்ட பாடு ஞாபகம் வந்திட்டு. பெரும்போக வெட்டு முடிஞ்ச நேரம், காய வைக்கிற மெசினுக்கு நெல் ஏத்துற எலிவேட்டர் ஒண்டு தானா நிண்டு நிண்டு போகுது எண்டு கூப்பிட்டாங்க. கொன்ட்ரோலர் நான் செஞ்சது, ப்ரோக்ராம் நான் எழுதினது. அதால பிழையும் ப்ரோக்ராம்லதான் இருக்கும் எண்டு முடிவு கட்டிட்டு நாலு நாள் அங்க இருந்து வரி வரியா மாத்தினன். வெளிய ஈர நெல் குவிச்சுக் கிடக்கு, கையை விட்டா உள்ள சூடு ஏறியிருக்கிறது தெரியும், கொண்டு வந்த விவசாயி ஒருத்தர் குவியலுக்குப் பக்கத்துலயே சாக்கை விரிச்சுப் படுத்திருந்தாரு. நாலாம் நாள் பின்னேரம் சென்சர் வயரை மோட்டர் கேபிள்ட பைப்புக்குள்ள இருந்து உருவி வெளியால தனியா விட்டம், அதோட நிண்டிட்டு. நாலு நாளும் நான் திருத்தினது எல்லாம் சரியா இருந்த ப்ரோக்ராம். முதல் நாளே அந்த வயரை உருவிப் பாத்திருக்கலாம், அரை மணித்தியால வேலை. அந்த விவசாயிட முகம் இண்டைக்கும் எனக்கு மறக்கல்ல, அதாலதான் உங்களுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்றன்.

ஏன் அப்படி எண்டா, நீங்க இன்புட்-புல்அப் எண்டு போட்டா சிப்புக்குள்ள இருக்கிற 20கே தொடக்கம் 50கே வரைக்குமான ஒரு ரெசிஸ்டர் அந்தப் பின்னை 5 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்குது. மேசையில அரை அடி வயருக்கு அது காணும். 15 மீட்டர் வயர் எண்டா அது ஒரு ஏரியல், பக்கத்துல மோட்டர் கேபிள் ஒவ்வொரு தரமும் ஒன் ஓஃப் ஆகிற நேரம் இதுக்குள்ள ஒரு துள்ளலை ஏத்திவிடும், 50கே எண்டது அதைப் பிடிச்சு நிப்பாட்டக் காணாது, சிப் அந்தத் துள்ளலை "டாங்கி நிறைஞ்சிட்டு" எண்டு வாசிக்கும். வயரைத் தனிப் பைப்புல விடுங்க, ரெண்டு வயரையும் ஒண்டோட ஒண்டு முறுக்கி விடுங்க. வெளியால 1கே ஒண்டு புல்அப்பா போடுங்க, அப்ப சுவிட்சுக்குள்ளால 5 மில்லிஅம்பியர் போகும், துள்ளலும் அடங்கும், கடல் காத்துக்கு சுவிட்ச் காலுல படியிற ஊத்தையையும் தாண்டிக் கரண்ட் போகும். எழுவான்கரையில இருக்கிற எங்களுக்கு இந்த ஊத்தை சின்ன விசயம் இல்ல, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, ஆறு மாசத்துல ஜம்பர் வயர்ட நுனி பச்சை பிடிக்கும். கிணத்தடிக்குப் போற பெட்டிக்குள்ள ப்ரெட்போர்டே வேணாம், ஈயம் பிடிச்சுப் பூட்டுங்க. பின்னுக்குக் கிட்ட 10கே ஒண்டு தொடரா, பின்ல இருந்து கிரவுண்டுக்கு 1 மைக்ரோஃபரட் கெபாசிட்டர் ஒண்டு, 10 மில்லிசெகண்டுக்குக் குறைஞ்ச துள்ளல் எல்லாம் அதுல கரைஞ்சு போகும்.

இதுல இன்னொரு விசயம் இருக்கு, இதை ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க. இப்ப உங்கட சுவிட்ச் டாங்கி நிறைஞ்சா மூடுது. அப்ப அணில் அந்த வயரைக் கடிச்சு அறுத்திட்டு எண்டு வைங்க, சுவிட்ச் ஒரு நாளும் மூடாது, சிப் "இன்னும் நிறையல்ல" எண்டே நினைக்கும், மோட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். மிதவையக் கழட்டித் தலைகீழா மாட்டுங்க, இந்த வகை மிதவைகள்ல அப்படி மாத்தினா நிறைஞ்ச நேரம் திறக்கும், குறைஞ்ச நேரம் மூடும். இப்ப வயர் அறுந்தாலும், கனெக்டர் கழண்டாலும், சுவிட்ச் கால் உப்புப் பிடிச்சாலும் சிப்புக்கு அது "நிறைஞ்சிட்டு" எண்டுதான் விளங்கும், மோட்டர் நிண்டிரும். அம்மா தண்ணி இல்ல எண்டு சத்தம் போடுவாங்க, நீங்க போய்ப் பாப்பீங்க, அவ்வளவுதான். ப்ரோக்ராம்ல மாத்த வேண்டியது ஒரே ஒரு ஆச்சரியக்குறி.

பவர் சப்ளைக்கு பழைய போன் சார்ஜர் ஒண்டு பாவிக்கிறீங்க. மோட்டர் எழும்புற அந்தச் செகண்ட்ல வீட்டு லைட்டே ஒருக்கா மங்கும், பாத்திருப்பீங்க. மலிவுச் சார்ஜர் அந்த மங்கலைத் தாங்காது. நல்ல 5 வோல்ட் 2 அம்பியர் சப்ளை ஒண்டு வாங்குங்க, நானோட 5 வோல்ட் பின்னுக்குக் கிட்ட 470 மைக்ரோஃபரட் கெபாசிட்டர் ஒண்டும் 0.1 மைக்ரோஃபரட் ஒண்டும் வைங்க.

"செத்துப் போகுது" எண்டு நீங்க எழுதின சொல்லையும் நான் விட மாட்டன். செத்துப் போகுதா, இல்லாட்டி செத்து எழும்புதா? ரெண்டும் வேற வேற வருத்தம், மருந்தும் வேற. ப்ரோக்ராம்ட தொடக்கத்துல, ஒரே ஒரு தரம் ஓடுற இடத்துல, 13ஆம் பின்ல இருக்கிற எல்.இ.டியை மூண்டு தரம் டக் டக் எண்டு மினுக்க வைங்க, ஓடிக்கிட்டு இருக்கிற நேரம் அது செகண்டுக்கு ஒருக்கா மெதுவா மினுங்கட்டும். பிறகு மோட்டர் ஒன் ஆகிற நேரம் எல்.இ.டியப் பாருங்க. திரும்ப மூண்டு தரம் டக் டக் எண்டு வந்தா சிப் ரீசெட் ஆகியிருக்கு, பவரையும் ரிலேயையும் பாக்கணும். அப்படியே அசையாம நிண்டா ப்ரோக்ராம் எங்கயோ ஒரு சுத்துக்குள்ள மாட்டியிருக்கு, அது சி விசயம். மோட்டரைப் பூட்டாம ரிலேயை மட்டும் அடிக்க விட்டும் ஒருக்காப் பாருங்க, அப்ப சரியா ஓடினா சந்தேகம் மோட்டர் பக்கத்துக்குப் போகும். இந்த ஒரு எல்.இ.டி நீங்க மூண்டு தரம் திரும்ப எழுதினதுல கிடைக்காத விடைய அஞ்சு நிமிசத்துல தரும்.

சரி, சி-க்கு வருவம். உங்கட 25 நிமிசத்தை நீங்க இப்படி எழுதியிருக்கீங்க: ஒரு இன்ட் மாறிலி, அதுக்குள்ள 25 * 60 * 1000. "லெப்டொப்ல ஜிசிசி கம்பைலர்ல போட்டுப் பாத்தன், 1500000 எண்டு சரியாத்தான் வருது" எண்டும் எழுதியிருக்கீங்க. லெப்டொப்ல இன்ட் எண்டா 32 பிட். இந்தச் சிப்புல இன்ட் எண்டா 16 பிட்தான், அதுக்குள்ள போகக் கூடிய பெரிய இலக்கம் 32767. சி மொழி 1970களின்ட தொடக்கத்துல பெல் லேப்ஸ்ல டென்னிஸ் ரிட்சி உருவாக்கின நேரம் அவங்கட கையில இருந்த பிடிபி-11 மெசினும் 16 பிட்தான், இண்டைக்கும் சி தரம் இன்டுக்குக் குறைஞ்சது 16 பிட் எண்டு மட்டும்தான் சொல்லுது, அதுக்கு மேல, ப்ரோக்ராமைச் சிப்ட மொழிக்கு மாத்துற கம்பைலர்ட விருப்பம். 15 லட்சத்தை 16 பிட்டுக்குள்ள திணிச்சா என்ன நடக்கும் எண்டு கையால கணக்குப் பாப்பம். 65536ஐ 22 தரம் கழிச்சா மிச்சம் 58208. அது 32767ஐ விடப் பெரிசு, அதால குறி மாறி, 58208ல இருந்து 65536 போக, சிப்புக்குள்ள பொதுவா நிக்கிறது மைனஸ் 7328. இதை நீங்க, போர்ட் எழும்பி எத்தனை மில்லிசெகண்ட் எண்டு சொல்ற மில்லிஸ் தாற நேரத்தோட ஒப்பிடுறீங்க, மில்லிஸ் குறி இல்லாத 32 பிட். சி-ட சட்டப்படி ஒப்பிட முதல் உங்கட மைனஸ் 7328உம் குறி இல்லாததா மாறும், அப்ப அது 4294959968 ஆகும். மில்லிசெகண்ட் கணக்குல அது கிட்டத்தட்ட 49 நாளும் 17 மணித்தியாலமும். உங்கட மோட்டர் 25 நிமிசத்துல நிக்காம இருந்ததுக்குக் காரணம் இதுதான் தம்பி, அது 49 நாளைக்குப் பிறகு நிக்கிறதுக்குக் காத்துக்கிட்டு இருந்திச்சு. கம்பைலர் இதுக்கு ஒரு எச்சரிக்கை தந்திருக்கும், ஆர்டுயினோ செட்டிங்ல எச்சரிக்கை எல்லாத்தையும் காட்டு எண்டு மாத்தி வைங்க, எச்சரிக்கையா வாற ஒவ்வொரு வரியையும் வாசிங்க.

25க்குப் பின்னால இடைவெளி விடாம யூ, எல் எண்ட ரெண்டு எழுத்தையும் போடுங்க, அப்ப பெருக்கலே 32 பிட்டுல நடக்கும், மாறிலியையும் 32 பிட் ஆக்குங்க. பெருக்கல் பிழைச்ச பிறகு பெரிய பாத்திரத்துல ஊத்திப் பிரயோசனம் இல்ல, ரெண்டையும் செய்யணும். இனிமே வெறும் இன்ட் எண்டு எழுதுற பழக்கத்தையே விடுங்க. 1999ல வந்த சி தரத்தோட அளவைப் பேர்லயே வச்சிருக்கிற வகைகள் வந்திட்டு, யூஇன்ட்8, யூஇன்ட்16, யூஇன்ட்32 எண்டு, ஒவ்வொண்டுக்கும் பின்னால ஒரு அடிக்கோடும் டி எழுத்தும் வரும், அதைப் பாவிச்சா எந்தச் சிப்புல போட்டாலும் அளவு மாறாது, வாசிக்கிற ஆளுக்கும் விளங்கும். நேரத்தை ஒப்பிடுற நேரம் எப்பவும் இப்ப உள்ள நேரத்துல இருந்து தொடங்கின நேரத்தைக் கழிச்சு அந்த வித்தியாசத்தைப் பாருங்க, மில்லிஸ் 49 நாளுக்கு ஒருக்காப் பூச்சியத்துக்குப் போனாலும் அந்தக் கழித்தல் சரியா வரும்.

ப்ரின்ட் போட்டா ஓடுது, எடுத்தா ஓடல்ல எண்டது பேய் வேலை மாதிரித்தான் தெரியும், ஆனா காரணம் தெளிவு. பின் மாறின உடன, ஓடுற வேலைய இடையில நிப்பாட்டிட்டு ஓடுற துண்டுதான் இன்டரப்ட். நீங்க அதுக்குள்ள ஒரு கொடிய, அதாவது 0 இல்லாட்டி 1 வைக்கிற ஒரு மாறிய, 1 ஆக்கிறீங்க, வெளியால ஒரு வைல் சுத்து அந்தக் கொடி 0ஆ இருக்கும் வரைக்கும் காத்துக்கிட்டு நிக்குது. கம்பைலர் அந்தச் சுத்தைப் பாக்குது, இதுக்குள்ள ஒருத்தரும் கொடிய மாத்தல்லையே எண்டு நினைச்சு, ஒருக்கா மட்டும் வாசிச்சிட்டு பிறகு மெமரியத் திரும்பிப் பாக்கிறதே இல்ல. இன்டரப்ட் எண்டு ஒண்டு பக்கவாட்டால வந்து மாத்திட்டுப் போறது அதுக்குத் தெரியாது. ப்ரின்ட் போட்டா வேற ஒரு ஃபங்ஷனுக்குப் போய் வரணும், அங்க ஆரும் கொடிய மாத்தியிருக்கலாம் எண்டு பயந்து திரும்ப வாசிக்குது, அதால ஓடுது. கொடிட அறிவிப்புக்கு முன்னால வொலட்டைல் எண்ட சொல்லைப் போடுங்க, ஒவ்வொரு தரமும் மெமரில இருந்து வாசி எண்டு அர்த்தம்.

ஆனா நான் உங்கட இடத்துல இருந்தா இந்த மிதவைக்கு இன்டரப்ட்டே பாவிக்க மாட்டன். டாங்கி நிறைய இருபது நிமிசம் எடுக்குது, அதைக் கவனிக்க மைக்ரோசெகண்ட் அவசரம் எதுக்கு? 10 மில்லிசெகண்டுக்கு ஒருக்கா எட்டிப் பாத்தாலே அது கூட. அதோட தண்ணி விழுகிற அலையில மிதவை ஆடி ஆடி நிக்கும், ஒரு நிறைவுக்கு நூறு தரம் இன்டரப்ட் வரும். எட்டிப் பாக்கிற முறையில, தொடர்ந்து மூண்டு செகண்ட் "நிறைஞ்சிட்டு" எண்டு வந்தா மட்டும் நம்பு எண்டு எழுதலாம், இடையில ஒருக்கா மாறினாலும் எண்ணிக்கைய 0ல இருந்து தொடங்கு, நாலு வரி. கீழ இன்னொரு மிதவை வச்சா இன்னும் நல்லம், மேல உள்ளது நிப்பாட்டவும் கீழ உள்ளது தொடங்கவும், அப்ப மோட்டர் அரை வாளிக்கு ஒருக்கா ஒன் ஓஃப் ஆகாது.

இன்டரப்ட் உண்மையில உதவுற இடம் அப்பாட பயம் இருக்கிற இடம். 25 நிமிசம் எண்டது ஒரு குத்துமதிப்பு, கிணறு பத்தாம் நிமிசத்துல வத்தினா மோட்டர் பதினைஞ்சு நிமிசம் வெறுமனே ஓடும். பைப்புல தண்ணி ஓட்டம் எண்ணுற சென்சர் ஒண்டு பூட்டினா, தண்ணி ஓட ஓட அது துடிப்பு அனுப்பும், மோட்டர் ஓடியும் அரை நிமிசமா துடிப்பு இல்ல எண்டா நிப்பாட்டு. அந்தத் துடிப்பை எண்ண இன்டரப்ட் சரி. அப்ப ஒரு விசயத்தைக் கவனிங்க, எண்ணிக்கை 16 பிட், சிப் 8 பிட், ஒரு எண்ணிக்கைய அது ரெண்டு தரமாத்தான் வாசிக்கும். எண்ணிக்கை 255ல நிக்குது, கீழ்ப்பாதிய வாசிச்சிட்டு 255 எண்டு கையில வச்சிருக்கு, அந்த இடைவெளியில துடிப்பு வந்து 256 ஆகுது, இப்ப மேல்பாதிய வாசிச்சா 1 வரும், ரெண்டையும் சேத்தா 511. 255உம் இல்ல, 256உம் இல்ல. வொலட்டைல் இதைத் தடுக்காது. வாசிக்கிற அந்த ஒரு வரிக்கு மட்டும் இன்டரப்ட்டை மூடி, கொப்பி எடுத்திட்டு உடன திறக்கணும். பத்தாயிரம் தரத்துல ஒருக்கா நடக்கிற பிழை இது, நடந்த பிறகு தேடிப் பிடிக்கவே ஏலா, அதால எழுதுற நேரமே காவல் போடணும்.

லெப்டொப் கொழுவினா மோட்டர் நிக்கிறது பிழையே இல்ல, அது அப்படித்தான் செஞ்சிருக்கு. மொனிட்டர் லெப்டொப்ட சீரியல் போர்ட்டைத் திறக்கிற நேரம் டிடிஆர் (DTR) எண்ட கோடு கீழ இறங்கும், அது ஒரு சின்னக் கெபாசிட்டர் வழியா சிப்பை ரீசெட் பண்ணும், புதுப் ப்ரோக்ராம் ஏத்த வசதியா இருக்கட்டும் எண்டு வச்ச ஏற்பாடு. ப்ரோக்ராம் ஏத்தி முடிஞ்ச பிறகு ரீசெட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில 10 மைக்ரோஃபரட் கெபாசிட்டர் ஒண்டு வச்சா ரீசெட் ஆகாது, திரும்ப ஏத்துற நேரம் கழட்டணும். லெப்டொப்புக்கு விவரம் அனுப்புற நேரம் ஸ்ட்ரக்டை (பல மாறியச் சேத்துக் கட்டின மூட்டை) அப்படியே பைட்டா அனுப்பாம, மனிசன் வாசிக்கக் கூடிய எழுத்தா, கமா போட்டு, வரிக்கு ஒண்டா அனுப்புங்க. உங்கட சிப்புல இன்ட் ரெண்டு பைட், லெப்டொப்புல நாலு பைட், ஸ்ட்ரக்டை அனுப்பினா திரும்பவும் அதே குழிக்குள்ள விழுவீங்க. லெப்டொப்ல லினக்ஸ் எண்டா, போர்ட் திறக்க அனுமதி இல்ல எண்டு வந்தா உங்கட யூசரை டயல்அவுட் குழுவுல சேருங்க, சூப்பர் யூசரா ஓட வேணாம்.

கடைசியா நீங்க கேட்ட கேள்வி, ஆர்டுயினோவ விட்டுட்டு சுத்தமான சி-க்குப் போறதா எண்டு. இந்தப் பிழைகளுக்காகப் போக வேணாம், ஒண்டும் தீராது, மைனஸ் 7328 அங்கயும் மைனஸ் 7328தான். ஆனா படிக்கிறதுக்காகப் போங்க, கட்டாயம் போங்க. நான் படிச்ச காலத்துல பழைய கொம்பியூட்டர்ட ப்ரின்டர் போர்ட்தான் எங்கட மைக்ரோகொன்ட்ரோலர், பின்னால 25 ஓட்டை, முகவரி ஹெக்ஸ் 378, டேர்போ சி எண்ட பழைய கம்பைலர்ல அந்த முகவரிக்கு ஒரு இலக்கத்தை எழுதினா எட்டு எல்.இ.டி அந்த இலக்கத்தின்ட பிட்டுப் படி எரியும். 1 எழுதினா முதலாவது, 2 எழுதினா ரெண்டாவது, 3 எழுதினா ரெண்டும். மட்டக்களப்புல ஒரு சின்ன அறைக்குள்ள இருந்து அதைப் பாத்த அண்டைக்குத்தான் பைனரி எண்டது எனக்குக் கண்ணால விளங்கினது. அதே சந்தோசம் உங்கட கையில இருக்கிற நானோவுலயும் இருக்கு. 13ஆம் பின் எண்டு ஆர்டுயினோ சொல்றது உண்மையில போர்ட்பி-ட 5ஆவது பிட். டிடிஆர்பி (DDRB), போர்ட்பி, பின்பி எண்டது சிப்புக்குள்ள இருக்கிற எட்டு பிட் பெட்டிகள். டிடிஆர்பி-ல அந்தப் பிட்டை 1 ஆக்கினா அவுட்புட், போர்ட்பி-ல 1 ஆக்கினா 5 வோல்ட், பின்பி-ய வாசிச்சா வெளியால என்ன நிக்குது எண்டு தெரியும். மத்தப் பிட்டுகளைத் தொடாம அந்த ஒண்டை மட்டும் ஏத்த 32ஓட ஓர் (OR) செய்யணும், இறக்க 32இன்ட பிட்டு எல்லாத்தையும் தலைகீழாக்கினதோட அண்ட் (AND) செய்யணும். சிப்புட டேட்டாஷீட், அதாவது கம்பனி தாற விவரப் புத்தகம், நூத்துக்கணக்கான பக்கம், பயப்பிட வேணாம், ஐ.ஓ போர்ட் எண்ட அத்தியாயம் மட்டும் இந்தக் கிழமை வாசிங்க. மேல நான் சொன்ன 10கே ஏன் வேணும் எண்டதும், முதல்ல 1 எழுதிட்டுப் பிறகு அவுட்புட் ஆக்கணும் எண்டதும் அங்க கிடக்கு.

வேலை தொடங்கிற ஒழுங்கு: முதல்ல அந்த எல்.இ.டி சோதனை, பிறகு ட்ரான்சிஸ்டரும் டயோடும், பிறகு வயரைத் தனியா எடுக்கிறது, அதுக்குப் பிறகுதான் லெப்டொப்பைத் திறக்கிறது. ஒரு நேரத்துல ஒண்டை மட்டும் மாத்துங்க, மாத்தினதை ஒரு கொப்பியில திகதி போட்டு எழுதுங்க. மோட்டர் ஒன் ஆகிற நேரம் எல்.இ.டி மூண்டு தரம் மினுங்கினதா இல்லையா எண்டதை எனக்கு எழுதுங்க, அந்த விடைய வச்சுத்தான் அடுத்ததைச் சொல்லலாம். வயரிங் செய்ய ஆள் வரும் வரைக்கும் மோட்டரைப் பழைய மாதிரிச் சுவிட்சுல அப்பாவே போட்டு எடுக்கட்டும்.